சர்வே ஆராய்ச்சித் துறைக்குள் நுழைவது எப்படி?

கேள்வி:
சமூகவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். மாதிரிக் கணக்கெடுப்பு, கருத்துக்கணிப்பு போன்ற பணிகளில் சேர ஆசை. விளம்பரங்களில் ‘சர்வே ஆராய்ச்சியாளர்’ என்ற பெயரையே காணவில்லை. அரிதாகக் கண்ணில் படுவதும் அனுபவம் கேட்கிறது. புள்ளியியலில் இன்னொரு பட்டம் வாங்கினால்தான் உள்ளே விடுவார்களா?

பதில் 1:
‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளும், கணக்கெடுப்புத் தரவை அலச அதில் தாமஸ் லம்லி எழுதிய ‘சர்வே’ என்ற நிரல் தொகுப்பும் பழகுங்கள். ‘ஐரோப்பிய சமூக ஆய்வு’ (European Social Survey) என்ற கணக்கெடுப்பின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே சதவீதத்தை எடையோடும் (அதாவது, மாதிரியில் குறைவாக வந்த பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தும்) எடையில்லாமலும் கணக்கிட்டு, வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு அனுப்புங்கள்.

பதில் 2:
பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் களத்துக்குப் போங்கள். நான் வீடு வீடாகக் கேள்வி கேட்பவளாகத்தான் இத்துறைக்கு வந்தேன். பிறகு மேற்பார்வையாளர், இப்போது வினாத்தாள் தயாரிப்பு.

“உங்கள் வேலையும் சம்பளமும் திருப்தியாக இருக்கின்றனவா?” என்ற கேள்வியைத் தாளில் படித்தால் குறையே தெரியாது. வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். “வேலை பிடிக்கும், ஆனால்...” என்று எதிரில் இருப்பவர் இழுப்பார். உங்கள் கையில் இருப்பதோ ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள். நீங்கள் ‘ஆம்’ என்று குறிக்கும் அதே தயக்கத்தை அடுத்த தெருவில் உங்கள் சக பணியாளர் ‘இல்லை’ என்று குறித்திருப்பார். ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பது அந்த ‘ஆனால்’ காதில் விழுந்தவருக்கு உடனே உறைக்கும். நேர்முகத் தேர்வில் இப்படி ஒன்றை எடுத்துச் சொல்பவரை நான் விடவே மாட்டேன்.

பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மாலையில் மறுபடி போகச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் கருத்துக்கணிப்புக்காக ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தும் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவரோ அமோகமாக வென்றார். அனுப்பிய பட்டியலே வசதியானவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, பதில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மனநிலையில் இல்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரை எளிதில் கிடைக்கும் இன்னொருவரைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. களத்திலேயே தங்கிவிட நேருமோ என்றுதான் அச்சம். எந்தப் பெயரில் வேலை தேடுவது?

பதில் 2:
‘களப்பணி ஒருங்கிணைப்பாளர்’, ‘ஆய்வு உதவியாளர்’, ‘தரவுச் செயலாக்கம்’ என்று தேடுங்கள். சந்தை ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வு மையங்கள், அரசுப் புள்ளியியல் அலுவலகங்கள் மூன்றுமே ஆள் எடுக்கின்றன. சேரும்போதே முன்னோட்ட ஆய்வுக் குழுவில், அதாவது வினாத்தாளை முதலில் சிலரிடம் மட்டும் கேட்டுப் பார்க்கும் குழுவில், இடம் கேளுங்கள். வினாத்தாள் எழுதுபவர்கள் களப்பணியாளரோடு உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் மக்கள் தடுமாறினார்கள் என்று கேட்பது அங்கேதான். அன்றன்று பார்த்ததைக் கேள்வி எண்ணோடு குறித்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுங்கள். அடுத்த வினாத்தாளுக்கு உங்களைக் கூப்பிடுவார்கள்.