கால் ரத்த ஓட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கும் சாதனங்கள்: அனுபவப் பகிர்வு

பாதப் பராமரிப்புச் செவிலியர்

சர்க்கரை நோயாளிகளுக்கான வெப்பநிலை சாக்ஸும் மிதித்து நிற்கும் விரிப்பும் (மேட்) கவனிப்பது இரண்டு பாதங்களுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. பெருவிரல், முன்பாதத்தில் மூன்று இடம், நடுப்பாதம், குதிகால் என ஆறு இடங்களை இடது வலதாக ஒப்பிடுகிறோம். ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால், தோலுக்கடியில் அழற்சி ஆரம்பித்திருக்கலாம். உடனே நடையைக் குறைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். புண் வெளியே தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

பொய் எச்சரிக்கையும் வரும். சம்மணம் போட்டு எழுந்தவுடன் அடியில் இருந்த கால் சூடாக இருக்கும். டேபிள் ஃபேன் ஒரு காலில் மட்டும் அடித்தாலும், ஒரு காலில் மட்டும் கட்டுப் போட்டிருந்தாலும் கணக்கு மாறும். இரண்டு கால்களையும் ஒரே மாதிரி தொங்கவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தபின் எடுங்கள். தினமும் ஒரே நேரம்.

ரத்தக்குழாய் பரிசோதனை டெக்னீஷியன்

மேலே சொன்னது அழற்சிக்கு. ரத்தக்குழாய் அடைப்புக்கு அது போதாது, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு கால்களிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் இரண்டும் ஒரே அளவு குளிர்ந்திருக்கும், ஆப் பச்சை காட்டும்.

ஆகவே சாதனத்தை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை டாப்ளரில் (ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்க்கும் கருவி) ஏ.பி.ஐ., அதாவது கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம், பார்த்தே ஆக வேண்டும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. 1.4-க்கு மேல் போனால் மகிழ வேண்டாம். சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளின் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, அழுத்தம் அளக்கும் பட்டை இறுக்கினாலும் குழாய் மடங்காததால் வரும் எண் அது. அப்போது கால் பெருவிரல் அழுத்தம் பார்க்க வேண்டும். அதைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.7-க்குக் கீழே இருப்பது குறைவு.

சென்சார் பொறியாளர்

கால் விரலில் மாட்டும் ஒளி சென்சார் பற்றி. மேக்ஸ்30102 போன்ற சிப் 660 நானோமீட்டர் சிவப்பும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பும் அனுப்பி, திரும்பும் ஒளியின் துடிப்பை அளக்கிறது. ஆக்ஸிஜன் 97 சதவீதம் என்று வந்தால் ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குறைவாக ஓடும் ரத்தத்திலும் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கலாம். பார்க்க வேண்டியது துடிப்பலையின் உயரமும் வடிவமும்.

பெருவிரலின் சதைப்பகுதியில், கால் ஆணி இல்லாத இடத்தில் வையுங்கள். பட்டை இறுகினால் தோல் வெளுத்து அலை தட்டையாகும், தளர்ந்தால் வெளிவெளிச்சம் புகும். ஏசி அறையில் குளிர்ந்த விரலிலும் அலை சுருங்கும், அதை அடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு நிமிடம் பதியுங்கள். இன்று படுத்தும் நாளை கால் தொங்கவிட்டும் எடுத்தால் ஒப்பிடவே முடியாது.

வெப்பநிலை சாக்ஸுக்கு எளிய சோதனை ஒன்று: இரண்டையும் மேஜையில் அருகருகே அரைமணி நேரம் வையுங்கள். கால் இல்லாமலே வித்தியாசம் காட்டினால் கோளாறு சாதனத்தில்.

பாதப் பராமரிப்புச் செவிலியர்

பட்டை இறுக்கம் பற்றிச் சொன்னது மிக முக்கியம். உணர்ச்சி மரத்த காலுக்கு இறுக்கம் தெரியாது, சாதனமே புண்ணாக்கிவிடும். கழற்றியதும் அடியில் உள்ள தோலைப் பாருங்கள். பதிந்த தடம் அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த அளவு சரியில்லை.

கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, விரல் அசைக்க வராமல் போனால் ஆப்பைத் திறக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் காலே போய்விடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் மற்றதைவிடச் சுற்றளவில் 3 செ.மீ.க்கு மேல் வீங்கியிருந்தால் ரத்தக்கட்டி சந்தேகம், அன்றே காட்டுங்கள், தேய்த்துவிட வேண்டாம்.