பழைய ஹாலிவுட் லைட்டிங் முயன்று பார்த்தவர்கள் வாருங்கள், என்ன ஆனது என்று சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். பதினொரு வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன், மாடியில் 12க்கு 18 அடியில் சின்ன ஸ்டுடியோ உண்டு. போன மாதம் ஒரு பெண் வந்து போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, "அண்ணா, இந்த மாதிரி எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள். 1930களின் ஹாலிவுட் போட்டோகிராபர் ஜார்ஜ் ஹரல் எடுத்த, நடிகை ஜோன் கிராஃபோர்டின் படம். நானும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். கறுப்பு வெள்ளைதானே, கலரை எடுத்துவிட்டால் முடிந்தது என்ற நினைப்பு.

முதல் நாள் எப்போதும் வைப்பதையே வைத்தேன். வெளிச்சத்தை மென்மையாக்கும் 120 செ.மீ. எட்டுக்கோணத் துணிப்பெட்டி (ஆக்டா பாக்ஸ்), எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல், பின்னால் ஒரு நீளமான ஸ்ட்ரிப் விளக்கு. படம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் ஷாம்பு விளம்பரம். கலரை எடுத்தேன், கறுப்பு வெள்ளை ஷாம்பு விளம்பரம். காண்ட்ராஸ்டை ஏற்றியதும் முகம் பழைய ஜெராக்ஸ் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் நல்ல மாதிரி, "நல்லாத்தாண்ணா இருக்கு" என்றாள். அந்த 'தான்' போதும், எனக்குப் புரிந்துவிட்டது.

ராத்திரி ஹரல் படத்தை மானிட்டரில் பெரிதாக்கி, கண்ணையும் மூக்கையும் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருவிழியில் மேலாக ஒரு புள்ளி வெளிச்சம், கடுகு அளவுதான். என் படத்தில் கண்ணுக்குள் எட்டுக்கோண ஜன்னலே இருந்தது. மூக்குக்குக் கீழே விழுந்த நிழலுக்கு, பிளேடால் வெட்டியது போல் ஒரு விளிம்பு. பதினொரு வருடமாக எந்த நிழலை ஒழிக்கக் காசு செலவழித்தேனோ, அந்த நிழலை வைத்துத்தான் அந்த மனிதர் முகத்தையே வரைந்திருக்கிறார். அவர் முதலில் ஓவியம் படித்தவர் என்பது அப்புறம் தெரிந்தது.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஃப்ரெஸ்னல் ஸ்பாட்தான் ராஜா. கலங்கரை விளக்கத்துக்காக 1820களில் ஃபிரெஞ்சுக்காரர் ஃப்ரெஸ்னல் செய்த வளையம் வளையமான கண்ணாடியேதான், அதற்குப் பின்னால் ஒரு டங்ஸ்டன் பல்பு. பல்பைக் கண்ணாடிக்குக் கிட்டே தள்ளினால் வெளிச்சம் பரவும், பின்னால் இழுத்தால் ஒடுங்கும். மோல் ரிச்சர்ட்சன் கம்பெனியின் ஸ்பாட் ஒன்றே 2000 வாட் இழுக்கும். முகத்துக்கு முன்னால் அப்படி ஒன்றை வைத்தால் என்ன சூடு இருந்திருக்கும் என்று யோசியுங்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை, கையிலிருந்த 150 வாட் எல்.இ.டி.யின் முன்னால் மாட்டும் ஃப்ரெஸ்னல் மூடி ஒன்று வாங்கினேன், கண்ணாடி ஒரு சாண்கூட வராது.

இரண்டாம் நாள். நடிகை மார்லீன் டீட்ரிச் படங்களில் வருமே, விளக்கு நேர் முன்னால், நல்ல உயரத்தில், மூக்கு நிழல் பட்டாம்பூச்சி மாதிரி விழுந்து, கன்னம் குழிந்து தெரியும். பாரமவுன்ட் லைட்டிங் என்றே அதற்குப் பேர் உண்டு. இயக்குநர் ஸ்டெர்ன்பெர்கும் டீட்ரிச்சும் பாரமவுன்ட் சினிமா கம்பெனியில் இருந்தபோது ஓகோ என்று ஆன வெளிச்சம் அது. என் கூரை ஒன்பதரை அடி, விளக்கை அதற்கு மேல் எங்கே ஏற்ற? கடைசியில் அந்தப் பெண்ணை முக்காலியை விட்டு இறக்கி, மனைப்பலகை மேல் உட்கார வைத்தேன். கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தாள்.

சிரித்ததும்தான் பிரச்சினையே. ஆக்டா பாக்ஸில் ஆள் எப்படித் திரும்பினாலும் முகம் முகமாகவே இருக்கும். இங்கே தாடை ஓர் அங்குலம் இறங்கினால் மூக்கு நிழல் உதட்டைத் தொட்டு மீசை ஆகிறது, ஓர் அங்குலம் ஏறினால் பட்டாம்பூச்சியே காணோம். 140 படம் எடுத்ததில் ஆறுதான் தேறியது. விளக்கின் நடு வெளிச்சத்தை நேராக முகத்தில் அடிக்கவும் கூடாது, நெற்றி தட்டு மாதிரி பளபளக்கிறது. கொஞ்சம் திருப்பி, நடு வெளிச்சம் முகத்தைத் தாண்டிப் போகிற மாதிரி வைத்து, ஓரத்து வெளிச்சத்தில் முகத்தை நனைக்க வேண்டும். விளக்கின் முன்னால் கதவு மாதிரி மாட்டும் பார்ன் டோரின் மேல் இலையை இறக்கி நெற்றி வெளிச்சத்தைக் கொஞ்சம் (அரை ஸ்டாப்) அடக்கியதும் கண் எழுந்து வந்தது. நிழலை இளக்கக் கேமராவுக்குப் பக்கத்தில் ஃபில் விளக்கு வைத்திருந்தேன், அதைப் பாதிக்குப் பாதி குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் அணைத்தேவிட்டேன். வலது கன்னத்துக்குச் சுவரிலிருந்து திரும்பி வந்த வெளிச்சமே போதும்.

1929இல் நடிகை நார்மா ஷியரருக்கு ஒரு துணிச்சலான வேடம் வேண்டியிருந்தது, தயாரிப்பாளரான அவருடைய கணவர் தால்பெர்குக்கே மனைவிக்கு அந்தக் கவர்ச்சி இருப்பதாக நம்பிக்கை இல்லை. ஷியரர் ஹரலிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்து கணவரிடம் காட்டினார், வேடம் கிடைத்தது, 1930இல் ஆஸ்கரும் கிடைத்தது. ஹரலுக்கு எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. புருஷனுக்கே தெரியாத முகத்தை ஒரு விளக்கு காட்டியிருக்கிறது, நான் மீசை வரைந்துகொண்டிருக்கிறேன்.

தோலும் பேக்கிரவுண்டும் இன்னும் எனக்குக் கைவரவில்லை. பழகியவர்கள் சொல்லுங்கள்.

*

நான் இருப்பது டொராண்டோவில், பேஸ்மென்ட்டில் கூரை ஏழடி. ஃப்ரெஸ்னல் வாங்கக் காசு இல்லாத காலத்தில் வீட்டில் படம் பார்க்கிற ப்ரொஜெக்டரையே முக்கிய விளக்காக (கீ லைட்) வைத்துப் பார்த்தேன், சிரிக்க வேண்டாம். சின்ன லென்ஸிலிருந்து வருகிற வெளிச்சம், எவ்வளவு கூர்மையான நிழல் வேண்டுமோ அவ்வளவு கிடைக்கும். லேப்டாப்பில் கறுப்பு ஸ்லைடு போட்டு நடுவில் ஓரம் மங்கிய ஒரு வெள்ளை வட்டம் வரைந்தேன், அதுதான் என் ஸ்பாட். நெற்றி அதிகமாக இருந்தால் பார்ன் டோர் எதற்கு, வட்டத்தின் மேல்பக்கம் சாம்பல் பூசினால் போதும். பேக்கிரவுண்டில் ஜன்னல் கம்பி நிழல் வேண்டுமா, மூலையில் நாலு கோடு வரைந்துவிடலாம். மனைவி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க நான் லேப்டாப்பில் வெளிச்சத்தை வரைந்துகொண்டிருந்தேன், சொர்க்கம்.

கேமராவைத் தூக்கினேன். ஷட்டரை 1/250 நொடியில் வைத்து எடுத்தேன், நெற்றி நீலம், மூக்கு வெள்ளை, தாடை மஞ்சள். கொஞ்ச நேரம் கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, இந்த வகை ப்ரொஜெக்டருக்குள் ஒரு வண்ணச் சக்கரம் சுற்றுகிறது, ஒரு நேரத்தில் ஒரு நிறத்தைத்தான் விடும், மூன்றையும் சேர்த்து வெள்ளையாக்குவது நம் கண். ஷட்டர் வேகமாக இருந்தால் கேமரா அந்தப் பித்தலாட்டத்தைப் பிடித்துவிடும். கறுப்பு வெள்ளையாக்கினாலும் பட்டை பட்டையாகத் தெரியும். 1/30க்கு இறக்கியதும் பட்டை போயிற்று. ஆனால் 1/30இல் ஆள் அசையக் கூடாதே, "மூச்சு விடலாமா, கூடாதா?" என்று மனைவி உதடு அசையாமல் கேட்டாள்.

இன்னொன்று. ஹரல் காலத்தில் எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம். அந்த அளவு ஃபிலிமில் லென்ஸ் திறப்பை எஃப் 11 வைத்தால் கூர்மையாகக் கிடைக்கிற ஆழம், நம் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் கிட்டத்தட்ட எஃப் 1.4 வைத்தது போல. இமை கூர்மையாக இருக்கும், காது கரைந்துபோகும். நிறையப் பேர் ஸ்டுடியோ என்றதும் எஃப் 8 வைத்துக் காதுத் தோடு வரைக்கும் கூர்மையாக எடுத்துவிட்டு, ஏன் அந்தக் களை வரவில்லை என்கிறார்கள்.

*

முடியில் வெளிச்சம் விழ ஹேர் லைட் வைக்கிறவர்கள் கவனம். தலைக்குப் பின்னால், மேலே, ஸ்டாண்ட் படத்தில் விழாமல் விளக்கு வேண்டுமென்றால் பூம், அதாவது குறுக்காக நீளும் கம்பிதான் வழி. மைக் தொங்கவிடுகிற பூமைப் பார்த்துத்தான் ஹரல் விளக்குக்கும் அப்படி ஒன்று செய்துகொண்டார் என்பார்கள். நான் செய்தது, சாதாரண லைட் ஸ்டாண்டில் ஓர் அலுமினியக் கம்பி, மறுமுனையில் எதிர் எடை இல்லை. ஒரு பெரிய மனிதரின் ஓய்வு பெறும் விழாப் படத்துக்கு உட்கார வைத்திருந்தேன், "சார், கொஞ்சம் மேலே பாருங்க" என்றேன், அவர் பார்த்தார், விளக்கு மெதுவாக, மிக மெதுவாக, அவரை நோக்கிக் குனிந்தது. பாய்ந்து பிடித்துவிட்டேன். அதிலிருந்து மறுமுனையில் ஐந்து கிலோ அரிசிப் பை. வீட்டில் அரிசி தீர்ந்தால் ஷூட்டிங் கிடையாது.

*

தோல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் பெரியப்பா ஸ்டுடியோவில் டச்சிங், அதாவது நெகட்டிவில் முகத்தைத் திருத்துகிற வேலை பார்த்தவர், சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சாய்வான மேசை, நடுவில் பால் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும். நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் பஞ்சால் மீடியம் தடவுவார், அது இல்லாவிட்டால் பென்சில் பிடிக்காது. பென்சில் முனை ஓர் அங்குல நீளத்துக்கு ஊசி மாதிரி இருக்க வேண்டும், நான் உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்ப்பேன், ஒடித்தால் திட்டு விழும். பிறகு சின்னச் சின்னக் காற்புள்ளிகளாக வைத்துக்கொண்டே போவார். முகத்தில் இருக்கும் சுருக்கமும் கரும்புள்ளியும் நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும், அங்கே கிராஃபைட் ஏறினால் பிரிண்டில் வெளுக்கும். பென்சிலால் வெளுக்கத்தான் முடியும், கறுக்க வைக்க வேண்டுமானால் கத்தியால் சுரண்ட வேண்டும், அதற்குக் கை நடுங்கக் கூடாது.

ஹாலிவுட்டிலும் இதே வேலைதான். ஹரல் முன்னால் ஜோன் கிராஃபோர்டு மேக்கப் போடாமல் உட்கார்ந்த படம் ஒன்று உண்டு, டச்சிங்குக்கு முன்னும் பின்னுமாக. முன்னதில் முகம், தோள், எல்லா இடத்திலும் மச்சப்புள்ளிகள், பின்னதில் பளிங்கு. கூர்மையான விளக்கு தோலில் இருப்பதை எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும், அதைத் தாங்க அவர்களுக்குப் பின்னால் பென்சிலோடு ஓர் ஆள் இருந்தார். விளக்கை மட்டும் காப்பியடித்துவிட்டு டச்சிங்கை விட்டால் முகம் சொறசொறவென்றுதான் வரும்.

இப்போது நான் செய்வதும் பெரியப்பா வழிதான். பிளர் பண்ணுவதில்லை. கறுப்பு வெள்ளை ஆக்கும்போது கலர் படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளில் தோலுக்குச் சிவப்பை (சிவப்பு சேனல்) எடுக்கிறேன், பாதிக் கறை அங்கேயே காணாமல் போகும். ஆனால் உதடும் கூடவே வெளுத்து ஆள் நோயாளி மாதிரி ஆகிவிடும், அதனால் உதட்டுக்கு மட்டும் பச்சை சேனலிலிருந்து எடுத்து ஒட்டுவேன். அப்புறம் சின்ன பிரஷ்ஷில் நான்கைந்து சதவீத வெளுப்பு, புள்ளி புள்ளியாக. ஒரு முகத்துக்கு மூன்று மணி நேரம். மூக்கு நிழலின் விளிம்பை மட்டும் தொடவே மாட்டேன்.

மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்கு இந்த விளக்கு இன்னும் அழகாக உட்காரும், பவுடரை மட்டும் பூசிவிடாதீர்கள். கன்னமேட்டிலும் மூக்கு நுனியிலும் துளித் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். அந்த மினுமினுப்பில்தான் முகத்தின் மேடு பள்ளம் தெரியும்.

*

ஆள் வந்த பிறகு விளக்கைத் தேடுவதுதான் எல்லாருக்கும் நடக்கிற தப்பு என்று நினைக்கிறேன், எனக்கும் நடந்தது. இதற்கு வழி நம் ஊரிலேயே ஒரு அமெரிக்கர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எல்லிஸ் ஆர். டங்கன் 'மீரா' எடுத்தபோது, அவரும் கேமராமேன் ஜிதன் பானர்ஜியும் எம்.எஸ். அம்மாவின் தலையைப் பிளாஸ்டரில் செய்து வைத்துக்கொண்டு, விளக்கை இப்படியும் அப்படியும் மாற்றி, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் அந்த முகத்துக்கு ஒத்துவருகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்தார்களாம். 1945இல் வந்த படம், அதில் அவர் முகத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இதைப் படித்த மறு வாரம் மூடப்போகிற ஒரு ஜவுளிக்கடையில் பொம்மைத் தலை ஒன்று 300 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளவென்று இருந்தது, சாம்பல் நிற மேட் பெயின்ட் அடித்துவிட்டேன். அது அசையாது, சிரிக்காது, டீ கேட்காது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு விளக்கை வைத்துக்கொண்டு அரை அடி அரை அடியாக ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றுக்கும் தரையில் டேப் ஒட்டி எண் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஆள் வந்தால் மூன்றாம் நம்பரா, ஐந்தாம் நம்பரா என்பதுதான் கேள்வி. வட்ட முகத்துக்கு மூன்று. ஒரே சங்கடம், ஒரு நாள் ஹாலில் விளக்கைப் போட்டபடி மறந்துவிட்டேன், விடியற்காலை பால் எடுக்க எழுந்த அம்மா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லாருக்கும் நன்றி, அந்தப் பெண்ணை வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், எண்ணெய் என் செலவு. பொம்மைத் தலை வாங்கியவர் ஒன்று சொல்லுங்கள், மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருக்கிற பொம்மையா உங்களது? இங்கே கடையில் பார்த்ததெல்லாம் மூக்கே இல்லாமல் முட்டை மாதிரி இருக்கிறது, அதில் பட்டாம்பூச்சி எங்கே விழும்?