16எஸ் ஒன்று சொல்கிறது, தட்டு வேறு சொல்கிறது: உதவி தேவை

வணக்கம். மருத்துவ நுண்ணுயிரியல் லேபில் வேலை செய்பவர்களிடம் ஒரு சந்தேகம்.

ரத்தக் கல்ச்சரில் ஆல்பா ஹீமோலிசிஸ் (ரத்தத் தட்டில் பச்சை நிற வளையம்) காட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா ஒன்று வளர்ந்திருக்கிறது. பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை ஏறக்குறைய முழுதாக, 1,450 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) வரை வரிசைப்படுத்தினோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் என்ற இரண்டு இனங்களுடனும் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறது. இந்த இரண்டையும் பிரிக்க 16எஸ் போதாது என்பது தெரிந்ததுதான். ஆனால் நிமோனியேயின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆப்டோகின் மருந்து வில்லையைச் சுற்றி, வளர்ச்சி இல்லாத வளையம் 11 மி.மீ.தான் வந்தது, 14 வந்திருந்தால் நிமோனியே என்று சொல்லியிருப்போம், கவலையே இல்லை. நிமோனியே கரைந்து தெளியும் பித்த உப்புக் கரைவுச் சோதனையை இரண்டு முறை செய்தும் பாதிதான் தெளிந்தது.

அடுத்து இனங்களைப் பிரிக்க உதவும் இன்னொரு மரபணுவான ஆர்பிஓபியை வரிசைப்படுத்தவா, நிமோனியேயின் அடையாளமான லிட்ஏ மரபணுவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் போகவா? மைட்டிஸ் குழுவிலும் லிட்ஏ போன்ற மரபணு இருக்கிறதே, அதனால் பிசிஆரில் வரும் வெறும் டிஎன்ஏ பட்டையை நம்பப் பயமாக இருக்கிறது. மைட்டிஸ் குழுவின் அந்த லிட்ஏ மாற்றுருவில் 6 காரங்கள் விடுபட்டிருக்கும் என்பதால், பிசிஆர் விளைபொருளையே வரிசைப்படுத்திப் பார்த்தவர்கள் உண்டா? எந்த பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) கைகொடுத்தது?

மருந்து உணர்திறன் முடிவு கொடுத்துவிட்டோம், சிகிச்சை தடைபடவில்லை. ஆனாலும் நோயாளியின் ரிப்போர்ட்டில் தவறான பெயர் போகக் கூடாது. அதுவரை “மைட்டிஸ்/நிமோனியே குழு” என்று எழுதலாமா? நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?