ஆங்கிலேய குவயர் (பாடற்குழு) இயக்குநரும் ஆர்கனிஸ்டுமான டேவிட் வில்காக்ஸை நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள்?

சென்னை, பேஸ் (ஆண்களின் அடிக்குரல்) பாடுபவர்:
நேரில் பார்த்ததில்லை. எங்கள் குவயரில் அக்டோபர் வந்தாலே பச்சை அட்டை போட்ட கேரல் (கிறிஸ்துமஸ் பாடல்) புத்தகம் அலமாரியிலிருந்து இறங்கிவிடும். 1961இல் ரெஜினால்ட் ஜாக்ஸுடன் சேர்ந்து அவர் தொகுத்தது. நாம் 'பக்தரே வாரும்' என்று பாடுகிறோமே, அந்த மெட்டுக்கு அதில் அவர் எழுதிய டெஸ்கண்டில் (மெட்டுக்கு மேலே பாடும் தனி மெட்டு) உச்சக்குரல் சோப்ரானோக்கள் எங்கோ உயரத்தில் போய்விடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த கடைசிச் சரணம்தான். நாலு குரலுக்கும் ஒரே மெட்டு. ஆர்கன் மட்டும் அடியில் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) மாற்றிக்கொண்டே போகும். 'வேர்ட் ஆஃப் த ஃபாதர்' என்ற இடத்தில் ஒரு கார்டு விழும் பாருங்கள், வருஷா வருஷம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

லண்டன், முன்பு கேம்பிரிட்ஜில் படித்தவர்:
கிங்ஸ் காலேஜ் சேப்பலில் மாலை ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் அவர் ஏன் அவ்வளவு கறார் என்று புரிந்தது. 1957 முதல் 1974 வரை அங்கே குவயரை நடத்தியவர் அவர்தான். அந்தக் கல் கூரைக்கு அடியில் ஒலி அடங்கவே நேரமாகிறது. 'ஸ்' என்று முடிக்கும் இடத்தில் ஒரு பையன் கொஞ்சம் பிந்தினாலும் கூடம் முழுக்க உஸ்ஸென்று கேட்கும். அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் அப்படி ஒரு இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். ரொம்பச் சுத்தம், கொஞ்சம் குளிர்ச்சி என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும்.

பாளையங்கோட்டை, ஆர்கனிஸ்ட்:
குளிர்ச்சியா? அவர் வாழ்க்கையைப் பாருங்கள். 1939இல் கிங்ஸில் ஆர்கன் ஸ்காலராக (ஆர்கன் வாசிக்கும் உதவித்தொகை மாணவராக) சேர்ந்தவர், பாதியில் போருக்குப் போனார். 1944இல் நார்மண்டிச் சண்டையில் மிலிட்டரி கிராஸ் என்ற வீர விருது வாங்கினார். 27 வயதில் சாலிஸ்பரி கதீட்ரலுக்கு ஆர்கனிஸ்ட், பிறகு வூஸ்டர் கதீட்ரலுக்கு. 1960 முதல் 38 வருஷம் லண்டனின் பாக் குவயரை நடத்தினார். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் 'வார் ரெக்வியம்' (போரில் இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை) படைப்பை 1963இல் பதிவுசெய்தபோது பாடிய குழுக்களில் அதுவும் ஒன்று. போரில் நின்றவர் நடத்திய குழு அது என்பதை நினைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

சென்னைக்காரர் சொன்ன கார்டு பற்றி: காலால் வாசிக்கும் பெடல் இல்லாத கீபோர்டில் அது எடுபடாது. எங்கள் சபையிலும் இப்போது கீபோர்டுதான். இடது கையை ஒரு ஆக்டேவ் கீழே இறக்கி, ஆர்கனில் ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் 16 அடி ஸ்டாப் போல ஒலிக்கும் டோன் ஏதாவது இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியாவது வரும்.