புதுப்பிப்பு: அம்மாவுக்கு போன் வாங்கியாச்சு

முக்கூடலில் இருக்கும் அம்மாவுக்கு 12,000 ரூபாய்க்குள் எந்த போன் வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை நெல்லை வண்ணார்பேட்டையில் 11,500-க்கு வாங்கிவிட்டேன்.

கடையில் முதலில் காட்டியது, அட்டையில் ‘8 ஜிபி ரேம்’ என்று பெரிதாகப் போட்ட போன். ரேம் என்றால் ஆப்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். கீழே பொடி எழுத்தில் 4+4. அந்த இரண்டாவது 4, படமும் ஆப்பும் சேமிக்கும் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. நிஜ ரேமின் வேகம் அதற்கு வராது. ஸ்டோரேஜும் இஎம்எம்சி என்ற பழைய வகை. அதில் ஒரு நேரத்தில் படிப்பது, எழுதுவது இரண்டில் ஒன்றுதான் நடக்கும். யுஎஃப்எஸ் என்ற புதிய வகையில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அதனால் நிஜமான 6 ஜிபி ரேம், யுஎஃப்எஸ் 2.2 உள்ளதையே எடுத்தேன். கேமரா சுமார்தான், பரவாயில்லை.

அப்புறம், கடையை விட்டு இறங்கும் முன் *#06# போட்டு, வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்)ப் பெட்டியோடும் பில்லோடும் ஒத்துப் பாருங்கள்.

அம்மா சொளகை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டே, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து பேத்தியிடம் வீடியோவில் பேசுகிறாள். திண்ணை வெயிலில் திரை மங்குகிறதாம். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன்.