கலே பறிபோனதற்கு யார் பொறுப்பு? வரலாறு படித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1547 முதல் 1558 வரையிலான இங்கிலாந்தின் வெளியுறவுக் கொள்கை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரான்ஸ் கரையில் இங்கிலாந்து வசமிருந்த கலே துறைமுகத்தை இழந்த கட்டத்தில் சிக்கி நிற்கிறேன்.

சிறுவயது அரசர் ஆறாம் எட்வர்டின் காலம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. அவர் சார்பில் ஆட்சி நடத்திய சாமர்செட் 1547இல் பிங்கியில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தார். ஆனால் அங்கே கோட்டைகளில் படை நிறுத்திய செலவு கஜானாவைக் கரைத்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் குழந்தை அரசி மேரி ஸ்டூவர்ட்டையும் 1548இல் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்வர்டுக்கும் அவருக்குமான எந்தத் திருமணத்துக்காகப் போர் நடந்ததோ, அதுவே கைநழுவியது. 1550இல் பணம் வாங்கிக்கொண்டு, பிரான்சிடமிருந்து பிடித்திருந்த பூலோன் நகரைத் திருப்பிக் கொடுத்ததை அவமானம் என்பார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

சிக்கல் எட்வர்டுக்குப் பின் அரசியான மேரி டியூடர் காலத்தில். ஸ்பெயினின் பிலிப்புடன் செய்த திருமண ஒப்பந்தம், பிலிப்பின் குடும்பம் பிரான்சுடன் நடத்திய போருக்குள் இங்கிலாந்தை இழுக்கக்கூடாது என்கிறது. அரசியின் ஆலோசனை சபையும் முதலில் போருக்கு இணங்கவில்லை. அப்புறம் 1557 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்த ஆங்கிலேயக் கிளர்ச்சியாளர் தாமஸ் ஸ்டாஃபர்ட் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ கோட்டையைப் பிடிக்கிறார். ஜூனில் போர் அறிவிப்பு. 1558 ஜனவரியில், 1347 முதல் கையிலிருந்த கலே போய்விட்டது.

சபை மனம் மாறியது ஸ்டாஃபர்டாலா, பிலிப்பின் நெருக்குதலாலா? கலேயின் காவலை வலுப்படுத்தாமல் விட்டதற்குப் பணத்தட்டுப்பாடு மட்டும்தான் காரணமா? பழியை மேரி மேல் மட்டும் போடுவது அநியாயம் என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியான வாதம் வேண்டும். சபைப் பதிவுகளையோ தூதர்களின் கடிதங்களையோ படித்தவர்கள் இருந்தால், எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.