அம்மம்மா வீட்டுக் குழுவில் வார்டோ பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான்: எல்லோருக்கும் ஒரு செய்தி. டாக்டர் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் தொடக்கம். முதல் 12 மாதம் கிர்க்கெனஸ் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு 6 மாதம் வார்டோ நகரசபை மருத்துவ நிலையம். இரண்டும் நோர்வேயின் வடகிழக்கு மூலையில்.

தம்பி: வாழ்த்துகள் அக்கா!! வரைபடத்தில் தேடினேன். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தேன், முடியவே இல்லை.

சித்தி காரைநகர்: வாழ்த்துகள் பிள்ளை. அம்மம்மா பக்கத்தில்தான் இருக்கிறார், வாசித்துக் காட்டிவிட்டேன். அது ஒஸ்லோவுக்குக் கிட்டவா என்று கேட்கிறார்.

அப்பா: மிகவும் கிட்ட 😄 விமானத்தில் கிர்க்கெனஸுக்கு இரண்டு மணித்தியாலம், அங்கிருந்து ரோட்டால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். ஒஸ்லோவிலிருந்தே காரில் போவதென்றால் ஸ்வீடனுக்குள் புகுந்து, பின்லாந்தைத் தாண்டி, திரும்ப நோர்வேக்குள் வரவேண்டும். அதுதான் குறுக்கு வழியாம்.

அம்மா: செப்டம்பரில் தொடங்கி 12 மாதம் என்றால் அடுத்த செப்டம்பரில் வார்டோ. அங்கே செப்டம்பர் முதல் பெப்ரவரி வரை. இருட்டுக்காலம் முழுவதும் அங்கேதான். இதை ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லையா? வாழ்த்து மட்டும் வரிசையாக வருகிறது.

நான்: பார்த்துத்தான் விண்ணப்பித்தேன் அம்மா.

தம்பி: விக்கிப்பீடியாவில் இருக்கிறது. நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரி 20 அளவில்தான் வருமாம். இன்னொன்று அம்மா, 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்தில் சூனியக்காரர்கள் என்று சொல்லி 91 பேரைக் கொன்றிருக்கிறார்கள். நிறையப் பேரை வார்டோவில்தான் எரித்தார்களாம். கடற்கரையில் நினைவிடம் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு யன்னலும் ஒரு விளக்கும்.

அம்மா: இதைத்தான் இப்போது சொல்லவேண்டுமா நீ.

அம்மா: அண்ணா எங்கே? அண்ணாவைக் கேட்கவேண்டும். அவர்தானே அங்கே இருந்தவர்.

பெரிய மாமா: இப்போதுதான் கோயிலால் வந்தேன். வாழ்த்துகள் மகள். ஃபின்மார்க் மாகாணத்துக்கா போகிறாய்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா: சந்தோஷமா? நீங்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்த இடம்.

பெரிய மாமா: ஓடிவரவில்லை தங்கச்சி. வேலை போனது, வந்தோம். இரண்டும் ஒன்றில்லை.

பெரிய மாமா: பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும், கொஞ்சம் எழுதுகிறேன். நாங்கள் 80களில் மக்கள் உயர்பள்ளி (பரீட்சை இல்லாமல் தங்கிப் படிக்கும் பள்ளி) விசாவில் வந்தவர்கள். படிப்பு முடிந்ததும் எங்கே வேலை என்று தேடினால் மீன் தொழிற்சாலைகளில்தான் ஆள் தேவை. அதுவும் வடக்கில். போட்ஸ்ஃபியூர், வார்டோ, வட்சோ, பெர்லேவோக், ஹொனிங்ஸ்வோக் என்று அந்தக் கரை முழுக்க நம்மவர்கள் போனார்கள். நோர்வேக்காரப் பிள்ளைகள் தெற்கே படிக்கப் போனார்கள், அவர்கள் விட்ட இடத்தில் நாங்கள் நின்றோம். நான் போட்ஸ்ஃபியூரில் கொட் மீன் வெட்டினேன். ரப்பர் சப்பாத்து, மேலே ஓவர்கோட், காதில் இரைச்சல் அடைக்கும் மூடி. மீன் வந்தால் இரவு பகல் கிடையாது, வராவிட்டால் வீட்டுக்குப் போ என்பார்கள். 80களின் கடைசியில் பேரன்ட்ஸ் கடலில் கொட் மீன் குறைந்து, பிடிக்கும் அளவை அரசாங்கம் வெட்டியபோது ஊரே கலங்கியது.

சித்தி காரைநகர்: அண்ணை, மீன் தொழில் என்றால் நோர்வேக்காரர் காரைநகருக்கும் வந்தார்கள்தானே. சீநோர்.

பெரிய மாமா: ஓம், அதுதான் முதல் முடிச்சு. குருநகர் அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்தவர். பிறகு அவருடைய முயற்சியில்தான் காரைநகரில் படகு கட்டும் சீநோர் தொடங்கியது. அவரைப் பிடித்துத்தான் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் எல்லோரும் இங்கே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பி: மாமா அந்த நாக்குக் கதையைச் சொல்லுங்கோ.

பெரிய மாமா: 😄 கொட் மீனின் நாக்கு. அதை வெட்டுகிற வேலை அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது. ஒரு கூரான இரும்பு முனையில் மீன் தலையைக் குத்தி, ஒரே வெட்டில் நாக்கை எடுத்துப் பெட்டிக்குள் போடுவார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். கிலோ கணக்கில் விற்று நல்ல காசு பார்ப்பார்கள். என்னுடைய மூத்தவன் முதல் சைக்கிளை அந்தக் காசில்தான் வாங்கினான்.

சித்தி காரைநகர்: அப்போ தலை?

பெரிய மாமா: தலையைக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள். நாங்கள் முன்னமே கேட்டு நல்லதாக நான்கைந்து எடுத்து வந்து குழம்பு வைப்போம். தேங்காய்ப்பால் ஒஸ்லோவால் பெட்டியில் வரும்.

அம்மா: எல்லாம் சரி. இப்போது அவளைப் பற்றிக் கதைப்போம். காற்று, பனி, தனிய ஒரு பொம்பிளைப் பிள்ளை.

நான்: அம்மா, அங்கே ஏறத்தாழ 2,000 பேர் இருக்கிறார்கள். நகரசபை, பள்ளிக்கூடம், விமான நிலையம் எல்லாம் இருக்கிறது. 1789இல் நகரமான இடம், ஹமர்ஃபெஸ்டும் அதே வருடம்தான். காடு இல்லை.

அப்பா: காடு இல்லைத்தான், ஒரு மரமும் இல்லையே 😄

தம்பி: தீவு வேற.

பெரிய மாமா: தீவுதான். ஆனால் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கடலுக்கு அடியால் ஒரு சுரங்கப்பாதை, ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நோர்வேயில் கடலுக்கு அடியில் முதலில் போட்டது அதுதான். நம் காரைநகர்ப் பாலத்தைப் பிடித்துக் கடலுக்குக் கீழே இறக்கிவிட்டது போல. மேலே எவ்வளவு புயல் அடித்தாலும் உள்ளே அமைதியாகப் போகலாம்.

அம்மா: சுரங்கத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற ரோட்டில் புயல் அடிக்காதா?

பெரிய மாமா: அடிக்கும். அதை மறைக்கவில்லை. போட்ஸ்ஃபியூர் மலை ரோடு மோசமானது. காற்று பனியைத் தூக்கினால் முன்னால் போகிற கார் தெரியாது. அப்போது தடுப்பை இறக்கிவிடுவார்கள். பனிதள்ளும் வண்டி முன்னால், நாங்கள் பின்னால் வரிசையாக, ஒருவர் வாலை ஒருவர் விடாமல். காருக்குள் கம்பளி, சாப்பாடு, நிறைந்த எரிபொருள் தாங்கி, கைவிளக்கு இல்லாமல் வரிசையில் சேரவே கூடாது. ரோடே மூடினால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். கரையோரக் கப்பல் மட்டும் ஒவ்வொரு துறைமுகமாக வந்து போகும். 1893இல் தொடங்கிய சேவை அது, இப்போது பேர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை ஓடுகிறது.

நான்: இங்கேதான் நான் போவதற்குக் காரணமும் இருக்கிறது. ஃபின்மார்க் முழுவதற்கும் ஆஸ்பத்திரி இரண்டுதான், ஹமர்ஃபெஸ்டும் கிர்க்கெனஸும். டென்மார்க்கைவிடப் பெரிய மாகாணம், சனம் 75,000 அளவில். ஆகவே வார்டோவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் முதலில் பார்ப்பது சின்ன மருத்துவ நிலையத்து டாக்டர். விமானம் வரும்வரை அவர்தான் தாங்கவேண்டும். ஒஸ்லோவில் இருந்தால் பெரிய டாக்டருக்குப் பின்னால் நின்று எழுதுவதுதான் எனக்கு வேலை.

அப்பா: இதை நேற்றே அம்மாவிடம் சொல்லியிருந்தால் இவ்வளவு கதை வந்திராது.

நான்: சொன்னேன். "முதலில் சாப்பிடு" என்றார்.

தம்பி: காசு விஷயத்தையும் சொல்லு அக்கா. அந்தப் பகுதிக்கு அரசாங்கம் 1990இலிருந்து தனிச்சலுகை கொடுக்கிறது. பொது வருமான வரி மற்ற இடத்தில் 22 சதவீதம், அங்கே 18.5. கரண்டுக்கு வரி இல்லை. படிப்புக் கடனிலும் ஒவ்வொரு வருடமும் ஒரு பகுதியைத் தள்ளிவிடுவார்கள். சனம் வெளியேறாமல் இருக்கத்தான் எல்லாம்.

அம்மா: அவ்வளவு கொடுத்தும் சனம் போகிறதென்றால் யோசிக்கவேண்டாமா?

பெரிய மாமா: நல்ல கேள்வி. வார்டோவில் 60களில் 4,000க்கு மேல் இருந்தார்கள், இப்போது பாதி. ஆனால் அந்தச் சனத்தின் குணத்தைத் தெரிந்துகொள். 1944இல் ஜெர்மன்காரர் பின்வாங்கும்போது ஃபின்மார்க்கின் பெரும்பகுதியை எரித்தார்கள். ஹொனிங்ஸ்வோகில் தேவாலயம் மட்டும் மிஞ்சியது, ஹமர்ஃபெஸ்டில் ஒரு சின்னச் செபக்கூடம். ஏறத்தாழ 50,000 பேரை வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பினார்கள். போர் முடிந்ததும் அரசாங்கம் "கொஞ்சம் பொறுங்கள், திட்டம் போட்டுக் கட்டுவோம்" என்றது. அவர்கள் பொறுக்கவில்லை. கவிழ்த்த படகுக்குக் கீழேயும் மண் குடிசையிலும் இருந்துகொண்டு தங்கள் ஊரைத் தாங்களே கட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கதையைச் சொன்னது தொழிற்சாலையில் பக்கத்தில் நின்ற கிழவி. அவருக்கு நம் ஊர் எரிந்த கதையை நான் விளக்கவே தேவைப்படவில்லை.

பெரிய மாமா: மகள், நீ முதலில் போகிற கிர்க்கெனஸுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சுரங்கம் இருக்கிறது, பியோர்னெவாட்ன். குண்டுவீச்சுக்குப் பயந்து 3,000 பேர் அளவில் அதற்குள் இருந்தார்கள். உள்ளேயே 10 பிள்ளைகள் பிறந்தன. 1944 அக்டோபரில் சோவியத் படை வந்துதான் வெளியே வந்தார்கள். அந்தப் பிரசவத்தைப் பார்த்தவர்களை நினைத்துக்கொள்.

சித்தி காரைநகர்: அம்மம்மா கண்ணைத் துடைக்கிறார் அண்ணை. பங்கரை நினைத்துவிட்டார்.

அப்பா: புகோய்னெஸ் கதையையும் சொல்லு மச்சான். எனக்குப் பிடித்தது அதுதான்.

பெரிய மாமா: கிர்க்கெனஸ் பக்கத்துச் சின்ன மீனவ ஊர், சில நூறு பேர். அதிசயமாக 1944இல் எரியாமல் தப்பியது. ஆனால் மீன் தொழிற்சாலை முறிந்ததும் வேலை இல்லை. 1989இல் ஊரே சேர்ந்து ஒஸ்லோப் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள், "எங்கள் எல்லோரையும் ஒன்றாகக் குடியேற்ற எந்த ஊர் தயார்?" என்று. கடைசியில் ஊராக எங்கும் போகவில்லை. அதற்குள் கடலுக்குள் ராஜநண்டு பெருகிவிட்டது. சோவியத்காரர் 60களில் தூரகிழக்கிலிருந்து கொண்டுவந்து முர்மான்ஸ்க் பக்கத்தில் விட்டவை, எல்லையைக் கேட்காமல் இந்தப் பக்கம் வந்துவிட்டன. முதலில் வலையைக் கிழிக்கிறது என்று திட்டினார்கள். இப்போது அதைப் பிடித்து விற்கிறார்கள், பார்க்கச் சுற்றுலாக்காரர் வருகிறார்கள்.

தம்பி: கால் விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல்.

சித்தி காரைநகர்: அம்மம்மா கேட்கிறார், அதில் ஒடியல் கூழ் வைக்கலாமா.

பெரிய மாமா: வைக்கலாம் அம்மா, ஒரு கால் போட்டால் முழுக்குடும்பத்துக்கும் காணும்.

அம்மா: அந்த நண்டு கிலோ எவ்வளவு என்று தெரிந்தால் ஒருவரும் கூழுக்குள் போடமாட்டீர்கள்.

அம்மா: சரி, ஒன்று கேட்கிறேன். அந்த இருட்டில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கோ அண்ணா.

பெரிய மாமா: உண்மையைச் சொல்கிறேன். முழு இருட்டு இல்லை, மதியம் இரண்டு மூன்று மணித்தியாலம் நீல வெளிச்சம் இருக்கும். முதல் வருடம் நித்திரை குழம்பிவிட்டது, இரண்டு மணிக்கு எழும்பித் தேநீர் போடுவேன். உன் மச்சாள் அழுதாள். அந்த நேரத்தில் கதவைத் தட்டினது நம்மவர்களும் பக்கத்து வீட்டு நோர்வேக்காரரும்தான். ஞாயிறு ஒருவர் வீட்டில், அடுத்த ஞாயிறு மற்றவர் வீட்டில். பொங்கல் எங்களுக்கு இருட்டில் வரும், பால்கனியில் வைத்துப் பொங்கினால் பால் உறைந்துவிடும் என்று குசினியில் பொங்குவோம். ஒஸ்லோவில் இத்தனை தமிழர் இருக்கிறார்கள், யார் கதவைத் தட்டுகிறார்கள்?

அம்மா: அது உண்மைதான்.

நான்: வார்டோக் கோட்டையில் சூரியன் முழுவதும் தெரிகிற முதல் நாள் பீரங்கி வெடிப்பார்களாம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை.

தம்பி: எங்களுக்கு ஏன் இப்படி ஒரு விடுமுறை இல்லை.

அப்பா: அந்த நாளுக்கு நாங்களும் போவோம். ஜனவரி 20 அளவில். டிக்கெட் இப்போதே பார்க்கலாமா?

நான்: அப்பா, அது இன்னும் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

அம்மா: தைக்குப் போனால் நான் உறைந்து கட்டியாகிவிடுவேன். நான் ஜூலையில் வருவேன், அவள் கிர்க்கெனஸில் இருக்கும்போது. இரவிலும் சூரியன் இருக்கும், வார்டோவையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பெரிய மாமா: ஜூலை வா. ஆனால் கனமான திரைச்சீலை கொண்டுவா, இல்லாவிட்டால் நித்திரை வராது. மகள், நீ ஆணி டயர் வாங்கு, ஒஸ்லோ டயரோடு போகாதே. கதவைத் திறக்கும்போது காற்றுப் பக்கம் பார்த்துத் திற, காரின் கதவே கழன்ற ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

நான்: எழுதி வைத்துக்கொண்டேன் மாமா.

அம்மா: டயர் காசை அப்பா கொடுப்பார்.

அப்பா: இதை எப்போது கதைத்தோம்?

சித்தி காரைநகர்: அம்மம்மா சொல்கிறார், மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் இரண்டு கிலோ இங்கிருந்து அனுப்புவாராம். விலாசத்தைத் தமிழில் எழுதினால் போய்ச் சேருமா என்று கேட்கிறார்.